புரியேறிய மரமும் பொறுமை நிறைந்த கையும்

வாரந்தோறும் ஜும்ஆ நாளன்று பள்ளிவாசலில் அமர்ந்திருக்கிறோம். கத்தீப் அவர்கள் கையில் அஸாவை ஏந்தியவராக மிம்பரின் மீது ஏறுகிறார்கள். நம் செவிகள் குத்பாவின் பக்கம் திரும்புகின்றன. அதுவே முறை. ஆயினும், தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், அந்த மிம்பரை அருகே சென்று என்றேனும் உற்று நோக்கியதுண்டா, வாசக அன்பர்களே?

பழைய மர வேலை எதுவாயினும் சரி. பள்ளிவாசலின் மிம்பராகலாம், பாட்டனார் காலத்து மாடிப்படியின் கிராதியாகலாம், கட்டிலின் காலாகலாம். அதிலே ஒரு வகைத் தூணைக் காணலாம். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி நிறுத்தியதுபோல, அடியிலிருந்து நுனிவரை சுற்றிச் சுற்றி ஏறும் தூண் அது. தொட்டுப் பார்த்தால் கயிறன்று, ஒரே மரம். ஒட்டியதுமன்று, வளைத்ததுமன்று. நேராக வளர்ந்த ஒரு கட்டையிலிருந்து வேண்டாததை நீக்கி, வேண்டியதை மட்டும் நிறுத்திய வேலை.

அந்தப் புரி முறுக்கைப் பற்றியே இந்த வெள்ளியன்று சிந்திக்கப் போகிறோம். தச்சுப் பட்டறைச் செய்திக்கு இந்தப் பக்கத்தில் என்ன இடம் என்று எண்ண வேண்டா. முற்றும் படித்த பின்னர் முடிவு செய்யுங்கள்.

தச்சுத் தொழிலின் மாண்பு

நூஹ் நபி (அலை) அவர்கள் இறையாணையை ஏற்று மரக்கலம் கட்டினார்கள். அது பலகைகளும் ஆணிகளும் கொண்ட கலம் என்பதைத் திருமறை குறிப்பிடுகிறது. ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்னும் செய்தி முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இறைத்தூதர்களின் கைகள் மரத்தையும் உளியையும் பிடித்திருக்கின்றன. இதைவிட ஒரு தொழிலுக்குச் சிறப்பு வேறென்ன வேண்டும்?

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொடக்கத்தில் ஒரு பேரீச்ச மரத்தின் அடிமரத்தில் சாய்ந்தவர்களாக உரை நிகழ்த்தி வந்தார்கள். பின்னர் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம் பணிபுரிந்த தச்சர், அருகிலிருந்த காட்டு மரத்தைக் கொண்டு படிகள் அமைந்த மிம்பரைச் செய்தளித்தார். மூன்றே படிகள். அண்ணலாரைப் பிரிந்த அந்தப் பழைய அடிமரம் விம்மி அழுததும், அவர்கள் இறங்கி வந்து அதனை அணைத்து ஆற்றியதும் நாம் அறிந்த வரலாறே. இஸ்லாமிய உலகின் எந்த மிம்பரும் அந்த மூன்று படிகளின் வழித்தோன்றலே.

கடைசலால் மட்டும் வராது

இனி முறுக்குத் தூணுக்கு வருவோம். கடைசல் எந்திரத்தில் மரம் சுழல்கிறது, உளி நிற்கிறது. சுழலும் மரத்தின் மீது உளி எங்கே தொட்டாலும் அந்த இடம் வட்டமாகவே அமையும். குமிழ், வளையம், கழுத்து, கலசம் ஆகிய யாவும் வட்டத்தின் பிள்ளைகளே. முறுக்கோ வட்டமன்று. அது சுற்றிக்கொண்டே மேலும் ஏறுவது. ஈராக் நாட்டின் ஸாமர்ரா நகரில் 9ஆம் நூற்றாண்டில் எழுந்த மல்விய்யா மினாராவைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி உச்சிக்கு ஏறும் பாதை அது. 'சுருண்டது' என்பதே அதன் பெயரின் பொருள். அத்தகைய ஏற்றத்தைக் கையில் பிடித்த உளியால் சாதாரணக் கடைசலில் பெற இயலாது. கடைசல் உருளையை மட்டுமே தரும். புரியைத் தருவது கை.

எவ்வாறு என்று பாருங்கள். முதலில் நாற்சதுரமான கட்டையை இழைத்து, இரு முனைகளிலும் நடுப்புள்ளி குறித்து, கடைசலில் ஏற்றுகிறார்கள். படியிலும் கைப்பிடியிலும் பொருத்துவதற்காக முனைகளைச் சதுரமாகவே விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் உருளையாக்குகிறார்கள். முறுக்கு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒவ்வொரு வளையம் வைக்கிறார்கள். இத்துடன் கடைசலின் பெரும்பணி முடிந்தது.

அடுத்தது கணக்கு. உருளையின் மீது நீளவாக்கில் சம இடைவெளியில் நான்கு கோடுகள். புரி ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்குள் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார்கள். இரண்டு அங்குல விட்டமுள்ள உருளையில் இரட்டைப் புரிக்கு நான்கு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கு அங்குலத்தை ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகச் சுற்றுக் கோடுகளால் பிரித்தால், உருளை முழுவதும் சிறு கட்டங்கள் அமைகின்றன. ஒரு கட்டத்தின் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கும், அங்கிருந்து அடுத்த கட்டத்தின் எதிர் மூலைக்குமாகக் கோடிட்டுக்கொண்டே போனால், அதுவே புரியின் பாதை. இரட்டைப் புரியானால் இரண்டாவது கோடு உருளையின் மறுபுறத்திலிருந்து புறப்படும்.

பின்னர் ரம்பம். பள்ளம் அமைய வேண்டிய கோட்டின் மீது, மரத்தைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே அறுக்கிறார்கள். ஆழம் மிஞ்சிவிடாதபடி ரம்பத்தின் அலகிலே ஒரு சிறு சட்டத்தை இறுக்கி எல்லை வகுத்துக்கொள்கிறார்கள். அடுத்துக் குழிவாய் உளியும் கொட்டாப்புளியும். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே செதுக்க வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கிச் செதுக்கினால் ரேகை பிளந்து சிராய் எழும். பள்ளத்தின் ஒரு கரைக்கு ஒரு திசையில் என்றால், மறு கரைக்கு எதிர்த்திசையில் உளி நடக்க வேண்டும். இறுதியில் வட்ட அரமும் உப்புத்தாளும் வந்து மெருகூட்டுகின்றன. தூண் ஒன்றுதான், ஆனால் அதிலே ஒவ்வோர் அங்குலத்திலும் கை நின்று யோசித்திருக்கிறது.

இணைத் தூண்களில் வேலை இன்னும் கடினம். படியின் ஒருபுறத் தூணில் புரி வலப்பக்கம் சாய்ந்து ஏறினால், மறுபுறத் தூணில் இடப்பக்கம் சாய்ந்து ஏற வேண்டும். கண்ணாடியில் தெரியும் நிழலைப்போல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றால்தான் இணை. ஒரே திசையில் இரண்டையும் செதுக்கிவிட்டால், எவ்வளவு நேர்த்தியான வேலையாயினும் கண்ணுக்கு ஏதோ குறையாகவே படும்.

அழகுக்கு எல்லை வலிமை

இத்தொழிலில் மற்றொரு நுட்பம் உண்டு. பள்ளங்களை ஊடுருவத் துளைத்து, நடுமரத்தை முழுவதும் நீக்கிவிட்டால், இரண்டு புரிகளும் இரண்டு கொடிகள்போல் தனித்தனியே நின்று, இடையே வெளிச்சம் தெரியும். காண்பவர் வியப்பர். ஆனால் மரத்தின் ரேகை நேராக ஓடுவது. புரியோ சரிந்து ஓடுவது. எவ்வளவு ஆழமாகச் செதுக்குகிறோமோ அவ்வளவு ரேகை அறுபடுகிறது. தூணின் வலிமை குறைகிறது. எனவே பாரம் தாங்க வேண்டிய தூணில் அறிந்த தச்சர் அத்தகைய வேலையைச் செய்யமாட்டார். கைப்பிடிக்கு அணியாக நிற்கும் சிறு தூணிலேயே அதைக் காட்டுவார். பாரம் தாங்கும் காலில் பள்ளத்தைத் தாழ விடாமல் நிறுத்திக்கொள்வார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழலாம். இறையில்லத்தில் அலங்காரம் மிகுவது தகுமா? இது வீண் விரயம் ஆகாதா? நியாயமான கேள்வியே. பள்ளிவாசலின் அலங்காரம் தொழுவோர் உள்ளத்தைக் கவர்ந்திழுத்துவிடலாகாது என்று அறிஞர்கள் எச்சரித்தே வந்துள்ளனர். தச்சர் தாமே வகுத்துக்கொண்ட எல்லையில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. அழகு வலிமையைத் தின்னலாகாது. அலங்காரம் பயனைக் கெடுக்கலாகாது. பொன்முலாம் பூசுவதற்குச் செலவிடும் பணம் வேறு. கைத்தொழிலாளியின் அடுப்பெரியக் கொடுக்கும் கூலி வேறு. எக்காரியத்தையும் செம்மையாகச் செய்தலாகிய இஹ்ஸானை நமது மார்க்கம் வேண்டுகிறது. யாரும் பார்க்காத பள்ளத்தின் அடியையும் அரத்தால் சீர்செய்யும் கையில் அந்தப் பண்பைக் காண்கிறோம்.

பெயரிழந்த கைகள்

இந்த வேலை எங்கோ மேனாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமை என்று கருதுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தால் நாற்காலிகளும் பிற சாமான்களும் செய்யப்பட்டன. கால்களிலும் முதுகுச் சட்டங்களிலும் புரி முறுக்கு; இடையிடையே நெருக்கமான பூவேலை. ஐரோப்பிய வணிகர்கள் வழியாக அவை கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தன.

அடுத்த நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர், இங்கிலாந்தின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் மைந்தர், தமது ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்காக அத்தகைய நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினார். அவை 16ஆம் நூற்றாண்டில் ட்யூடர் மன்னர்களின் காலத்தில் இங்கிலாந்திலேயே செய்யப்பட்ட பழம்பொருள்கள் என்று அவர் நம்பினார். அவரைப் பின்பற்றிப் பலரும் நம்பினர். அவை நமது கிழக்குக் கரையின் கைவேலை என்பது நெடுங்காலம் கழித்தே ஆய்வாளர்களால் நிலைநாட்டப்பட்டது. இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவ்வகைச் சாமான்கள் சோழமண்டலத்தின் பெயராலேயே விளங்குகின்றன.

கரைக்குப் பெயர் திரும்பிவிட்டது. செய்த கைகளுக்கு? அவை எவருடைய கைகள் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வாங்கியவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. உளி பிடித்தவர் பெயர் மறைந்துவிட்டது. இது அன்றைய கதை மட்டும்தானா என்பதை எண்ணிப் பாருங்கள்.

கொங்கு மண்ணின் மரமும் எந்திரமும்

நமது கோயம்புத்தூர்ச் சீமைக்கு வருவோம். இங்கே மரத்துக்கும் பஞ்சமில்லை, எந்திரத்துக்கும் பஞ்சமில்லை. ஆனைமலைக் காடுகளின் தேக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே பம்பாய்க் கப்பல் கட்டும் துறைவரை புகழ் பெற்றிருந்தது. வெட்டிய கட்டைகளை மலை விளிம்பிலிருந்து கீழே சரித்துவிட்ட இடமே இன்று நாம் சுற்றுலா செல்லும் டாப் சிலிப். வெட்டி வெட்டி மொட்டையான அந்தக் குன்றுகளில் மீண்டும் தேக்கை வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட் 1933இல் மறைந்தார். அவரது கல்லறை அந்தத் தேக்குகளின் நிழலிலேயே இருக்கிறது. கோவையில் 1902ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காஸ் வன அருங்காட்சியகத்துக்குச் சென்றால், மர வகைகள் பலவற்றின் ரேகையை நேரிலேயே காணலாம்.

தேக்குக்கும் மிம்பருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. உலகில் இன்றும் நிலைத்திருக்கும் மிம்பர்களில் மிகத் தொன்மையானது துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, செதுக்கு வேலை நிறைந்த 300க்கு மேற்பட்ட துண்டுகளால் ஆனது. மரம் தேக்கு. வட ஆப்பிரிக்காவிலே தேக்கு விளைவதில்லை. ஆசியாவிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து அங்கே சென்ற மரம் அது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்றும் நிற்கிறது.

மரக் கடைசலும் நமக்கு அண்மையிலேயே வளர்ந்த தொழில்தான். மைசூர்ச் சாலையிலுள்ள சென்னபட்டணத்தின் அரக்குக் கடைசல் பொம்மைகளை அறியாதவர் யார்? திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து அத்தொழிலை ஊன்றினார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. 1799ஆம் ஆண்டுவரை கோயம்புத்தூரும் மைசூர் ஆட்சியின் கீழேயே இருந்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். வெட்பாலையின் வெண்மையான மரத்தைச் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு ஏறும். மின்சாரம் வருவதற்கு முன்னர் கயிறு சுற்றி இழுத்தே மரத்தைச் சுழற்றினர்.

இன்றைய கோவையிலோ 'லேத்' என்றால் இரும்பு கடையும் எந்திரமே நினைவுக்கு வரும். 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கிய காலந்தொட்டு இந்நகரம் எந்திரங்களின் நகரமாகவே வளர்ந்தது. கணினியால் இயங்கும் சி.என்.சி. எந்திரங்களும் இன்று வந்துவிட்டன. மரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே, சுழலும் வெட்டியைக் கணக்காக நகர்த்தி, ஒரு முறுக்குத் தூணை அவை சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன. கையால் செய்பவருக்கு அதே வேலை நாள் கணக்கில் ஆகும்.

எந்திரத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. நூறு தூண்கள் ஒரே அளவில் வேண்டுமானால் எந்திரமே ஏற்றது. ஆனால் எண்பது ஆண்டுகள் நின்ற கிராதியில் ஒரே ஒரு தூண் முறிந்துவிட்டால்? அண்டையில் நிற்கும் பழைய தூணின் சாய்வையும், தேய்ந்த மேட்டையும், முன்பு செய்தவரின் கைப்பழக்கத்தையும் பார்த்து அதற்கு இணை செய்ய வேண்டுமே! அங்கே தேவைப்படுவது கண்ணும் கையும் ஒன்றிய ஓர் ஆள். அந்த ஆள் இல்லாமற்போனால், ஒரு தூணுக்காகக் கிராதி முழுவதும் குப்பைக்குப் போகும்.

அக்ஸா தரும் பாடம்

கைத்தொழில் அறிவை இழந்துவிட்டால் மீட்பது எவ்வளவு அரிது என்பதற்கு இஸ்லாமிய உலகமே கண்ட சான்று ஒன்று உண்டு. சுல்தான் நூருத்தீன் அவர்கள் பைத்துல் முகத்தஸை எண்ணி ஹலப் நகரத் தச்சர்களைக்கொண்டு ஒரு மிம்பரைச் செய்வித்தார். அது 1168ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி. அதனை அங்கே நிறுவும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை, 1174இல் மறைந்தார். 1187இல் எருசலேமை மீட்ட ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்களே அதனை மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவினார். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அது அங்கே நின்றது.

1969ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் ஆஸ்திரேலியர் ஒருவர் வைத்த தீயில் அந்த மிம்பர் எரிந்தது. எஞ்சியவை சில துண்டுகளே. அதேபோல் மீண்டும் செய்ய முற்பட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. பணம் இருந்தது, மரமும் கிடைத்தது, ஆனால் அந்தக் காலத்துக் கணக்கும் கைப்பழக்கமும் எளிதில் கிடைக்கவில்லை. பழைய படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் வைத்துக் கோலங்களின் கணிதத்தை மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று. ஜோர்தானின் ஸல்த் நகரிலுள்ள பல்கா பல்கலைக்கழகத்தில், பல நாட்டுக் கைவினைஞர்கள் கூடி அதனைச் செய்தனர். ஆணியும் பசையும் இன்றி, ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து அமைத்த வேலை அது. 2007ஆம் ஆண்டிலேயே புதிய மிம்பர் அக்ஸாவை அடைந்தது. எரிவதற்கு ஒரு நாள். எழுவதற்கு 38 ஆண்டுகள்!

நமக்கு என்ன கடமை?

நமது ஊர்களிலே தீ வைப்பார் எவருமில்லை. ஆனால் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும், மர வேலையை முதல் நாளே கழற்றி விறகுக்கோ பழைய சாமான் வியாபாரிக்கோ எடை போட்டுவிடுகிறோம். துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் பளிங்குப் பலகையும் அங்கே ஏறுகின்றன. யாரும் தீங்கு நினைத்துச் செய்வதில்லை. என்ன இருக்கிறது என்பதை அறியாமலே செய்கிறோம்.

ஆகவே முத்தவல்லிகளுக்கும் ஜமாஅத்தின் பெரியவர்களுக்கும், வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் சில வேண்டுகோள்கள். பழைய மரத்தைக் கழற்றுமுன் அறிந்த தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். வைரம் பாய்ந்த தேக்காக இருந்தால், மேலே தெரியும் அழுக்குக்கும் உள்ளிருக்கும் உறுதிக்கும் தொடர்பில்லை. முறுக்கின் மீது ஆண்டுதோறும் வண்ணம் பூசிப் பள்ளத்தை மூடாதீர்கள். பூசியதைச் சுரண்டி எடுத்தால் செதுக்கு வேலை மீண்டும் வெளிப்படும். தூண் முறிந்திருந்தால் எஞ்சியவற்றில் ஒன்றின் மீது தாளைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து வையுங்கள். புரிகள் எத்தனை, ஒரு சுற்றுக்கு ஏற்றம் எவ்வளவு, சாய்வு வலமா இடமா என்ற மூன்றும் அந்தத் தாளிலே பதிந்துவிடும். புதுத் தூண் செய்பவருக்கு அதுவே போதிய வழிகாட்டி.

புதிதாக மிம்பர் செய்விக்கும் பேறு உங்கள் ஜமாஅத்துக்கு வாய்த்தால், இரண்டு தூண்களையேனும் கையால் செய்யச் சொல்லுங்கள். அதற்கு வேண்டிய நாளையும் கொடுங்கள். பேசிய கூலியைத் தாமதமின்றிக் கொடுங்கள். உழைத்தவனின் ஊதியத்தைத் தள்ளிப்போடலாகாது என்பது அண்ணலார் (ஸல்) அவர்களின் கண்டிப்பான போதனை. அவருடன் இளைஞன் ஒருவன் கற்றுக்கொள்ள நிற்பானானால், அவனுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். செய்தவர் பெயரையும் ஆண்டையும் பள்ளிவாசலின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். சோழமண்டலக் கரையின் தச்சர்களுக்குக் கிட்டாத அந்தச் சிறு மதிப்பு நம் காலத்துத் தச்சருக்கேனும் கிட்டட்டும்.

மரம் இறைவன் அளித்தது. அதனை வட்டமாக்க எந்திரம் போதும். வட்டத்தை மேலேறும் புரியாக்குவதற்கோ அளவறிந்த கணக்கும், எல்லையறிந்த கையும், அவசரமில்லாத உள்ளமும் வேண்டும். அம்மூன்றையும் நம் தொழிலாளர்களுக்கும், அவற்றை மதிக்கும் அறிவை நமக்கும் வல்ல அல்லாஹ் நல்குவானாக! ஆமீன்.